ஒரே ஒரு கோடு வந்தா கொரோனா இல்லைன்னு அர்த்தமா? அப்பாவை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு

வீட்ல வயசானவங்க இருந்து, அவங்களைப் பாத்துக்க நீங்க ஒரே ஆளுன்னா இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாதான் இருக்கும். ரேபிட் டெஸ்ட்டுக்கும் லேப்ல பண்ற பிசிஆருக்கும் என்ன வித்தியாசம்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், ரேபிட் சீக்கிரம் வரும், பிசிஆர் துல்லியமா இருக்கும். தப்பு இல்ல. ஆனா அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு காய்ச்சல்ல கெடக்கற அப்பா பக்கத்துல உக்காந்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. எனக்கு ரெண்டு டெஸ்ட்டுமே காலை வாரி விட்டுச்சு. அதுலயும் கொடுமை என்னன்னா, ரெண்டும் அதது செய்ய வேண்டிய வேலையைச் சரியா செஞ்சுக்கிட்டேதான் வாரி விட்டுச்சு.

அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, சுகர் இருக்கு, நுரையீரலும் பல வருஷமா சரியில்ல. ஒரு நாள் சாயங்காலம் தொண்டை கரகரன்னு இருக்குன்னார், ராத்திரி நல்ல காய்ச்சல். கொரோனாவையும் ஃப்ளூவையும் சேர்த்துப் பாக்கற கிட் வீட்ல இருந்துச்சு, உடனே போட்டுப் பாத்தேன். சி கோடு, அதாவது டெஸ்ட் ஓடிச்சுன்னு காட்டற கன்ட்ரோல் கோடு மட்டும் பளிச்சுன்னு வந்துச்சு, வேற எதுவும் இல்ல. மறுநாள் காலைல போட்டேன், அதே கதை. "அதான் இல்லைன்னு வந்துடுச்சே, இன்னும் ஏம்மா மூஞ்சிய அப்படி வெச்சிருக்க"ன்னு அப்பாவே கேட்டார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சுதான், பொய் சொல்ல விரும்பல. ஆனாலும் டாக்டருக்கு போன் போட்டேன். ரெண்டு தடவை நெகட்டிவ்னு சொன்னதும் அவர் அதைக் காதுலயே வாங்கல. "முதல் அறிகுறி எப்ப ஆரம்பிச்சது, மணிக் கணக்கா சொல்லுங்க, இப்ப ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது" இதைத்தான் கேட்டார். கேட்டுட்டு லேப் பிசிஆருக்கு எழுதிக் குடுத்தார். அன்னைக்கு எனக்கு அது புரியல, ரெண்டு டெஸ்ட் எடுத்தாச்சு, மூணாவது எதுக்கு, வயசானவரை எதுக்குப் படுத்தணும்னு ஒரு எரிச்சல்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். வீட்ல போடற அந்த அட்டை, வைரஸோட புரதத்தைத் தேடுது, அதுக்குத்தான் ஆன்டிஜென்னு பேர். கொரோனான்னா பெரும்பாலும் நியூக்ளியோகேப்சிட்ங்கற புரதம். ஸ்ட்ரிப்ல ஒட்டி வெச்சிருக்கற ஆன்டிபாடில அந்தப் புரதம் போய் மாட்டினா கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் கோடு வரணும்னா மூக்குல ஏகப்பட்ட வைரஸ் இருக்கணும். பிசிஆர் அப்படி இல்ல, வைரஸோட மரபுப் பொருளான ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தி அதை ஒரு ரவுண்டுக்கு ரெண்டு மடங்கா பெருக்கிக்கிட்டே போகுது, சாதாரணமா 40 ரவுண்டு வரைக்கும். மூக்குல விட்டு எடுக்கற குச்சில, அதான் ஸ்வாப்ல, கொஞ்சூண்டு இருந்தாலும் பிடிச்சிடும். இதுல எண்ணிக்கை வேணும்னா, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பாக்கற காக்ரேன் அமைப்பு 2022ல புதுப்பிச்ச ஆய்வுத் தொகுப்பு இருக்கு. பிசிஆர்ல பாசிட்டிவ் வந்தவங்கள்ல, அறிகுறி இருக்கற 100 பேருக்கு ஆன்டிஜென் ரேபிட் போட்டா சராசரியா 73 பேரைத்தான் பிடிக்குது, அறிகுறியே இல்லாதவங்கள்ல 55 பேர்தான். கிட்டுக்குக் கிட்டு இது நிறைய மாறும், சிலது ரொம்ப மோசம். ஆனா பாசிட்டிவ்னு காட்டினா பெரும்பாலும் பொய் சொல்லாது, அறிகுறியும் இருந்தா ரெண்டாவது கோட்டை நம்பிடலாம், அது லேசா மங்கலா இருந்தாலும் சரி. நெகட்டிவ்வைத்தான் அப்படி நம்ப முடியாது. அதனாலதான் மருந்துக்கும் கிட்டுக்கும் அனுமதி தர்ற அமெரிக்காவோட எஃப்டிஏ 2022 ஆகஸ்ட்ல, அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தா 48 மணி நேரம் விட்டு மறுபடி போடுங்க, அறிகுறி இல்லைன்னா 48 மணி நேர இடைவெளில மொத்தம் மூணு தடவை போடுங்கன்னு சொன்னாங்க. நான் ராத்திரி ஒண்ணு காலைல ஒண்ணுன்னு போட்டதெல்லாம் அந்தக் கணக்குல வராது. தடுப்பூசி போட்டவங்க, ஏற்கனவே ஒரு தடவை வந்தவங்களுக்கு உடம்பு சீக்கிரமே முழிச்சுக்குது, வைரஸ் பெருகி உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தொண்டை வலி வந்துடுது. முதல் நாள் நெகட்டிவ்ங்கறது அவ்வளவு சகஜம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்சுது, கேட்டா நீங்களும் ஆச்சரியப்படுவீங்க. அந்த சி கோடு வந்துட்டா டெஸ்ட் சரியா நடந்துச்சுன்னு நினைக்கறோம்ல, அது காட்டறது ஒண்ணே ஒண்ணுதான், தண்ணி ஸ்ட்ரிப்ல கடைசி வரைக்கும் ஓடிச்சு, அதுல இருக்கற ஆன்டிபாடி வேலை செய்யுது. ஸ்வாப் மூக்குல சரியா பட்டுச்சான்னு அது பாக்கறதே இல்ல. மூக்குலயே வைக்காத ஸ்வாப்பை அந்தத் தண்ணில முக்கிப் போட்டாலும் சி கோடு பளபளன்னு வரும். அப்பா மாதிரி ஸ்வாப் உள்ள போனதும் தலையைப் பின்னாடி இழுத்துக்கற ஆளுக்கு எடுக்கறப்ப இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு யோசிச்சுக்கோங்க. அதனால கிட்ல போட்டிருக்கற மாதிரி ரெண்டு மூக்குத் துவாரத்துலயும் சுவத்தை ஒட்டி நிதானமா சுத்தணும், நல்லா சளி சிந்திட்டு எடுக்கறது நல்லது. குளிர்ல வெச்சிருந்த கிட்னா அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்கணும். நேரம் ரொம்ப முக்கியம், 15 நிமிஷம்னா 15 நிமிஷம்தான், முன்னாடியும் பாக்கக் கூடாது, மறந்துட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா தெரியற சாம்பல் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது. காய்ஞ்சதால வர்றது அது.

சரி, லேப் கதைக்கு வர்றேன். ஆள் வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போனார், 24 மணி நேரத்துல ரிப்போர்ட்னு சொன்னாங்க. நான் அந்த 24 மணி நேரத்தை அவர் வாசல்ல செருப்பு மாட்டின நிமிஷத்துலேர்ந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். அவங்க கணக்கு வேற. சாம்பிள் மெயின் லேப் போய்ச் சேர்ந்து, பதிவாகி, மிஷின்ல ஏறறதுக்குத் தயாரானதுலேர்ந்துதான் அவங்க கடிகாரம் ஓடுது. பல லேப்ல 96 குழி இருக்கற ப்ளேட்ல மொத்தமா ஓட்டுவாங்க, போதுமான சாம்பிள் சேர்ற வரைக்கும் காத்திருப்பாங்க, நடுவுல லீவு நாள் வந்துட்டா அதுவும் போச்சு. போன் பண்ணிப் பண்ணி அலுத்துப் போய் உக்காந்திருக்கறப்ப அவங்களே கூப்பிட்டாங்க. "சாம்பிள் இன்வேலிட், மறுபடி எடுக்கணும்." எனக்கு வந்த கோவத்துல என்ன பேசினேன்னே நினைவில்ல, அந்தப் பொண்ணு பாவம். இப்ப யோசிச்சா அந்த லேப் செஞ்சதுலயே உருப்படியான காரியம் அதுதான். நிறைய பிசிஆர் கிட்ல வைரஸோட ஜீனைத் தேடறப்பவே மனுஷனோட ஒரு ஜீனையும் சேர்த்துத் தேடும். அது கூட கிடைக்கலைன்னா ஸ்வாப்ல செல்லே ஒட்டலைன்னு அர்த்தம், இல்லேன்னா நடுவுல ஏதோ வேதிப்பொருள் வேலையைத் தடுக்குது. அதனால நெகட்டிவ்னு எழுதாம இன்வேலிட்னு எழுதறாங்க. நான் சொன்ன சி கோட்டு ஓட்டை இங்க அடைபட்டிருக்கு. இன்வேலிட்னா நெகட்டிவ் கிடையாது, பாசிட்டிவ்வும் கிடையாது, டெஸ்ட்டே நடக்கலைன்னு எடுத்துக்கோங்க. மறு சாம்பிளுக்கு வீட்டுக்கு வந்த சார்ஜ் திரும்பவும் வாங்கினாங்க, அதுக்கு மட்டும் எனக்கு இன்னைக்கும் நியாயம் புரியல.

இதுல காசை விட நேரம்தான் உயிர். மாத்திரைக்கெல்லாம் ஒரு கெடு இருக்கு. ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் அறிகுறி ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்ல பலன். கொரோனாவுக்கு ஆபத்து அதிகம் இருக்கறவங்களுக்குத் தர்ற நிர்மாட்ரெல்விர் ரிடோனவிர் மாத்திரையை 5 நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். டாக்டர் ஏன் மணிக் கணக்கா கேட்டார்னு அப்பதான் உறைச்சுது. துல்லியமான ரிப்போர்ட் இந்தக் கெடு தாண்டி வந்தா அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம், வேற உபயோகம் இல்ல. அதனால லேப்ல பேசறப்ப எவ்வளவு மணி நேரம்னு மட்டும் கேட்டு வெச்சுடாதீங்க. டெஸ்ட் உங்க லேப்லயே பண்றீங்களா வெளில அனுப்பறீங்களா, இன்னைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்குப் போகுது, நாளைக்கு மிஷின் ஓடுமா, 24 மணி நேரம் எதுலேர்ந்து ஆரம்பிக்குது, இப்படிக் கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா வேற லேப் பாருங்க. சாம்பிள் போற குழாயைக் குளிர்ச்சியா, 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள கொண்டு போகணும், ஐஸ் பெட்டி இல்லாம பைக் டப்பால போட்டுக்கிட்டுப் போனா அங்கயே கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஃப்ளூன்னு டாக்டருக்குச் சந்தேகம் இருந்தா, ரேபிட் நெகட்டிவ்ங்கற ஒரே காரணத்துக்காக மருந்தைத் தள்ளிப் போடாதீங்கன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி தெளிவா சொல்லியிருக்கு. ரிப்போர்ட் வரட்டும்னு நீங்களா காத்திருக்காம டாக்டரைக் கேட்டுடுங்க.

மறு சாம்பிளும் போயாச்சு, ரிப்போர்ட்டைக் காணோம், அப்பாவுக்கு அதுக்குள்ள இருமல் ஏறி ஆக்சிஜன் இறங்க ஆரம்பிச்சுடுச்சு. ராத்திரி வண்டி பிடிச்சு ஒரு பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு நர்ஸ் ஸ்வாப் எடுத்துட்டுப் போனாங்க, ஒரு மணி நேரம் ஆகறதுக்குள்ள வந்து கொரோனா பாசிட்டிவ்னாங்க. நான் "ரேபிட்டா"ன்னு கேட்டேன். "இல்லங்க, பிசிஆர்." எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பிசிஆர்னா ஒரு நாள் ஆகும்னு நம்பி வீட்ல உக்காந்து நகம் கடிச்சுக்கிட்டு இருந்தேனே, இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தர் கூட சொல்லலையே! பக்கத்துல ஆள் இருந்திருந்தா அழுதிருப்பேன், யாரும் இல்லாததால பில் கட்ற கவுண்டருக்குப் போனேன்.

இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, ரேபிட்னாலே ஆன்டிஜென் அட்டை இல்ல. ஆர்என்ஏவைப் பெருக்கற அதே மாலிக்யூலர் டெஸ்ட்டைச் சின்ன மிஷின்ல, நோயாளி பக்கத்துலயே வெச்சுப் பண்ற வகைகள் இருக்கு. ஜீன்எக்ஸ்பர்ட்னு ஒண்ணு, ஒரு கார்ட்ரிட்ஜ்ல சாம்பிளை ஊத்தினா பிரிக்கறது பெருக்கறது எல்லாம் அதுக்குள்ளயே நடந்து முக்கால் மணி நேர அளவுல சொல்லிடும். ட்ரூநாட் இந்தியால உருவானது, சிப் வெச்சு பேட்டரிலயே ஓடும், பெரிய லேப் இல்லாத ஊர்களுக்காகவே வந்தது. ஐடி நவ்னு ஒண்ணு கால் மணி நேரத்துல சொல்லும், அது பிசிஆர் மாதிரி சூடு பண்ணி ஆற வெச்சுன்னு போகாம ஒரே வெப்பத்துல பெருக்கற முறை, லேப் பிசிஆர் அளவுக்குக் கொஞ்சமா இருக்கற வைரஸைப் பிடிக்காது, ஆனா ஆன்டிஜென் அட்டையை விட நல்லாவே பிடிக்கும். ஒரு நேரத்துல கொஞ்சம் சாம்பிள்தான் ஓட்ட முடியும்ங்கறதாலயும் கார்ட்ரிட்ஜ் விலையாலயும் எல்லாருக்கும் போட மாட்டாங்க. ஆனா ஆபத்து அதிகம் இருக்கற ஆளுக்குக் கேட்டுப் பாக்கறதுல தப்பே இல்ல. கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. இது ஆன்டிஜெனா மாலிக்யூலரா? இங்கயே ஓட்டறீங்களா, அனுப்பறீங்களா?

கெடுவோட விளிம்புல அப்பாவுக்கு மாத்திரை ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி கிட்னி ரத்தப் பரிசோதனை பாத்தாங்க, கொழுப்புக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த மாத்திரையை நிறுத்தினாங்க, ரிடோனவிர் கூட அது ஒத்துக்காது. தினமும் சாப்பிடற மருந்துச் சீட்டு கைல இருந்ததால அஞ்சு நிமிஷத்துல அந்த வேலை முடிஞ்சுது, இல்லேன்னா அங்கயும் நேரம் போயிருக்கும். ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்ப அந்தப் பழைய லேப் ரிப்போர்ட் மொபைலுக்கு வந்துச்சு, பாசிட்டிவ். திறந்து கூட பாக்கத் தோணல. சம்பளம் இல்லாத லீவு, ஆஸ்பத்திரி பில், ரெண்டு தடவை லேப் செலவுன்னு அந்த மாசம் கையிருப்பு துடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

இதோட முடியல. அப்பா தேறி வீட்டுக்கு வந்து, நடமாட ஆரம்பிச்சு, ஏற்கனவே தள்ளிப் போட்டிருந்த குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். வீட்ல கூட இருந்து பாத்துக்க ஒரு ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, ஆபீஸ்ல காலுல விழாத குறையா லீவும் வாங்கியாச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பல்லாம் வழக்கமா எடுத்த பிசிஆர்னு எடுத்தாங்க. பாசிட்டிவ். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, மனுஷன் நல்லா சாப்பிட்டுத் தூங்கறார், ரிப்போர்ட் மட்டும் பாசிட்டிவ். அன்னைக்கே ஆபரேஷன் ரத்து. மறுபடி முதல்லேர்ந்தான்னு எனக்குக் கை கால் ஓடல. மழை விட்டாலும் தூவானம் விடலைன்னு சொல்வாங்களே, அதேதான். வைரஸ் செத்த பிறகும் அதோட ஆர்என்ஏ துண்டுகள் மூக்குல வாரக் கணக்குல இருக்கும், சிலருக்கு 90 நாள் வரைக்கும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டும். பிசிஆருக்கு அது உயிரோட இருக்கற வைரஸா உடைஞ்ச துண்டான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அதை அது கண்டுபிடிக்கறதுக்காக வடிவமைக்கவே இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டா பிசிஆர் நல்ல சாட்சி, இப்ப பரவுமான்னு கேட்டா அது சரியான ஆள் இல்ல. அந்தக் கேள்விக்கு நான் திட்டின அந்த ஆன்டிஜென் அட்டையே எவ்வளவோ மேல், ஏன்னா நிறைய வைரஸ் இருந்தாத்தான் அதுக்குக் கோடே வரும். தொற்று வந்து 90 நாளுக்குள்ள மறுபடி டெஸ்ட் பண்ணணும்னா ஆன்டிஜென் பண்ணலாம்னு சிடிசியும் சொன்னது இதனாலதான்.

ரிப்போர்ட்ல சிடி வேல்யூ 36னு போட்டிருந்துச்சு, அது எத்தனாவது ரவுண்டுல வைரஸ் தென்பட்டுச்சுங்கற எண். எண் பெருசுன்னா ஆரம்பத்துல இருந்த அளவு கம்மி, ஏறக்குறைய 3.3 ரவுண்டு கூடினா அளவு பத்துல ஒரு பங்குன்னு கணக்கு. அதுக்காக எண்ணைப் பாத்து நாமளா தீர்ப்பு எழுதிக்கவும் கூடாது, மிஷினுக்கு மிஷின், கிட்டுக்குக் கிட்டு, ஸ்வாப் எடுத்த விதத்துக்கே அது மாறும், ஒரு லேப் 28ஐ இன்னொரு லேப் 31ஓட ஒப்பிடறதுல அர்த்தம் இல்ல. தொற்று ஆரம்பிக்கற அன்னைக்கும் எண் பெருசாதான் இருக்கும், முடியறப்பவும் பெருசாதான் இருக்கும், எந்தப் பக்கம்னு சொல்றது அறிகுறியும் பழைய ரிப்போர்ட்டோட தேதியும்தான். நான் ஆஸ்பத்திரில எடுத்த பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டையும் எடுத்துட்டுப் போய் சர்ஜன்கிட்ட நீட்டினேன். அவர் தொற்றுநோய் டாக்டர்கிட்ட பேசி, ஆன்டிஜென் எடுத்து, அது நெகட்டிவ் வந்து, வேற தேதி குடுத்தாங்க. நடந்துச்சு, நல்லாவே நடந்துச்சு. அந்த அட்வான்ஸ் காசு மட்டும் திரும்பி வரல. எந்த வைரஸா இருந்தாலும் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைத் தேதியோட பத்திரமா வைங்க, குணமாயிடுச்சேன்னு அழிச்சுடாதீங்க.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்கு அரை டாக்டர்னு பேர் வந்துடுச்சு, தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தங்க ஆபீஸ்ல யாருக்கும் அறிகுறி இல்லாம மொத்தப் பேருக்கும் ரேபிட் போட்டு இவங்களுக்கு மட்டும் பாசிட்டிவ்னு அழுதுக்கிட்டே பேசினாங்க. ஒரு பேச்சுக்கு 1000 பேர்ல 10 பேருக்குத்தான் நிஜமா தொற்று, கிட் நூத்துக்கு 70 பேரைப் பிடிக்கும், தொற்று இல்லாத நூறு பேர்ல ஒருத்தருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும்னு வெச்சுக்கோங்க. நிஜப் பாசிட்டிவ் 7, மீதி 990 பேர்ல தப்புப் பாசிட்டிவ் கிட்டத்தட்ட 10. பாசிட்டிவ் வந்தவங்கள்ல பாதிக்கு மேல சும்மா! அறிகுறி இல்லாத ஆளுக்கு ரெண்டாவது கோடு வந்தா மாலிக்யூலர் ஒண்ணு எடுத்து உறுதி பண்றது அங்கதான் தேவை, அது வர்ற வரைக்கும் ஒதுங்கி இருந்தாப் போதும்.

இன்னொருத்தருக்கு, கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான கார்டுல பாசிட்டிவ், உலகமே இருண்ட மாதிரி பேசினார். பாக்கறதுக்கு எல்லாக் கார்டும் ஒரே மாதிரி ரெண்டு கோடுதான், ஆனா இது வைரஸைத் தேடறதே இல்ல, நம்ம உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடியைத் தேடுது. எப்பவோ வந்து தானா போயிருந்தாலும் அது காட்டும், ஹெபடைடிஸ் சி வந்தவங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு மருந்து இல்லாமலே ஆறு மாசத்துக்குள்ள வைரஸ் போயிடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்படியே திருப்பிப் பாத்தா, புதுசா தொத்தினவங்களுக்கு ஆன்டிபாடி வர வாரக் கணக்குல ஆகும், அதுவரைக்கும் கார்டு நெகட்டிவ்தான். எச்ஐவிலயும் இதே சிக்கல், ரத்தத்துல வைரஸையே தேடற டெஸ்ட் 10லேர்ந்து 33 நாளுக்குள்ள பிடிக்கும்னா, ஆன்டிபாடி மட்டும் பாக்கற கார்டுக்கு 23லேர்ந்து 90 நாள் ஆகலாம், சந்தேகத்துக்குரிய சம்பவம் நடந்த மறுவாரமே கார்டு போட்டு நிம்மதியாகிடக் கூடாது. ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்னு கார்டு சொன்னா அடுத்தது ஆர்என்ஏ டெஸ்ட்தான், அது லேப்லதான் எடுக்கணும், இல்லேன்னா அந்தக் கார்ட்ரிட்ஜ் மிஷின்ல. ஆர்என்ஏ இருக்குன்னா மாத்திரையிலேயே பெரும்பாலானவங்களுக்குக் குணமாயிடுது, இல்லேன்னா சிகிச்சையே வேண்டாம். அவருக்கு ரிப்போர்ட் இன்னும் வரல, ஆனா சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியே லேப்ல கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டாராம்.